கம்ப்யூட்டர் ஓடுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை: வெளியிலிருந்து உள்ளே போகும் முழு வழிகாட்டி

டிஸ்ப்ளே வரவில்லை என்றதும் பலர் முதலில் செய்வது கேபினெட்டைத் திறந்து ரேம் என்னும் தற்காலிக நினைவகப் பட்டையைக் கழற்றுவதுதான். ரேம் காரணமாக இருப்பது அடிக்கடி நடக்கும். ஆனாலும் அது ஐந்தாவது, ஆறாவதாகச் செய்ய வேண்டிய வேலை. தவறான போர்ட்டில் செருகிய கேபிளுக்காக ரேமைக் கழற்றி, அதைத் திரும்பச் சரியாக உட்கார வைக்காமல் விட்டால் ஒரு கோளாறு இரண்டாகிவிடும். அதன் பிறகு கேபிளைச் சரி செய்தாலும் திரை வராது. எதனால் வரவில்லை என்பதும் தெரியாது.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் மானிட்டர், அடுத்து கேபிள், அதன் பிறகு கம்ப்யூட்டர். தனி மானிட்டர் வைத்த டெஸ்க்டாப்புக்கு இது பொருந்தும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வேறொரு கம்ப்யூட்டரில் வேலை செய்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த இன்னொரு வீடியோ கேபிள் வேண்டும். இரண்டாவது மானிட்டர் இல்லாவிட்டால் எச்.டி.எம்.ஐ. உள்ள டி.வி. போதும். இவற்றோடு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், மென்மையான பிரஷ், வெள்ளை பென்சில் ரப்பர், சி.ஆர்.2032 பட்டன் செல் ஒன்று, போன் டார்ச். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைத்தால் நல்லது.

மற்றப் பாகங்கள் எல்லாம் மாட்டப்படும் பெரிய பலகையான மதர்போர்டின் மாடல் பெயரைப் பார்த்து அதன் மேனுவலைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஸ்லாட்டில் முதலில் ரேம் போட வேண்டும், எந்த எல்.இ.டி. எதைச் சொல்கிறது என்பதெல்லாம் போர்டுக்குப் போர்டு மாறும்.

விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று தெரியாவிட்டால், போனிலிருந்து உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து ரெக்கவரி கீ இருக்கிறதா என்று பார்த்து எழுதி வையுங்கள். பிற்பாடு பயாஸ் (கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் ஓடும் மென்பொருள்) அமைப்புகளை அழிக்க நேர்ந்தால் விண்டோஸ் அந்த 48 இலக்க எண்ணைக் கேட்கக்கூடும். அப்போது தேடுவது பெரும் அவஸ்தை.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். செய்ததையும் நடந்ததையும் உடனே ஒரு வரி எழுதுங்கள். கேபிளையும் ரேமையும் ஒன்றாக மாற்றி டிஸ்ப்ளே வந்துவிட்டால், குற்றவாளி யார் என்று தெரியாமலே போய்விடும். ஒரு வாரத்தில் அதே கோளாறு திரும்ப வரும்.

2. திரை எப்படி இருட்டாக இருக்கிறது?

அறை விளக்கை அணைத்துவிட்டு மானிட்டரைப் போடுங்கள். என்ன தெரிகிறது என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த அடி.

மானிட்டரின் சின்ன விளக்கே எரியவில்லை என்றால் அதற்கு மின்சாரம் போகவில்லை. 3-ஆம் பகுதிக்குப் போங்கள். விளக்கு எரிந்தும் எந்த எழுத்தும் வராமல் திரை முழு இருட்டாக இருந்தாலும் 3-தான். ‘நோ சிக்னல்’ என்று வந்து மறைந்தால் மானிட்டர் நலமாக இருக்கிறது, அதற்குப் படம் வந்து சேரவில்லை. 4-ஆம் பகுதியிலிருந்து தொடங்கலாம். கம்பெனி லோகோ வந்து, அதன் பிறகு இருட்டானால் ரேமும் மதர்போர்டும் பெரும்பாலும் சரி. நேராக 8-க்குப் போங்கள். எந்த எழுத்தும் இல்லை, ஆனால் இருட்டில் திரை சற்றே சாம்பல் ஒளியோடு தெரிகிறது என்றால் பின்விளக்கு எரிகிறது, கறுப்புப் படம் வருகிறது என்று பொருள். இதற்கும் 8-தான்.

3. மானிட்டரைத் தனியாகச் சோதியுங்கள்

மானிட்டரின் பின்னால் உள்ள வீடியோ கேபிளைக் கழற்றுங்கள். பவர் கேபிள் இருக்கட்டும். மானிட்டரை அணைத்துப் போடுங்கள். நல்ல மானிட்டர், கம்ப்யூட்டரே இல்லாவிட்டாலும் ‘நோ சிக்னல்’ அல்லது ‘செக் கேபிள்’ என்ற பெட்டியைச் சில நொடி காட்டிவிட்டுத் தூங்கப் போகும். அந்த எழுத்து தெரிந்தால் பேனலும் பின்விளக்கும் சரி.

எதுவுமே வராவிட்டால், கேபினெட்டுக்குப் போகும் பவர் கார்டைக் கழற்றி மானிட்டரில் செருகிப் பாருங்கள். இரண்டும் பெரும்பாலும் ஒரே வகைதான். தனி அடாப்டர் உள்ள மானிட்டர் என்றால் சந்தேகம் முதலில் அடாப்டர் மேல் விழ வேண்டும். மாற்று அடாப்டர் போடும்போது வோல்டேஜ் அதேதானா என்று லேபிளைப் படித்துப் பாருங்கள். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. பின்னின் அளவும் பாசிட்டிவ், நெகட்டிவ் அமைப்பும் பொருந்த வேண்டும்.

மானிட்டரின் விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் டார்ச் சோதனை செய்யுங்கள். வீடியோ கேபிளைத் திரும்ப மாட்டி, கம்ப்யூட்டரைப் போட்டு, டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடியுங்கள். அந்த வெளிச்சத்தில் எழுத்தோ ஐகானோ மங்கலாகத் தெரிந்தால் படம் வந்துகொண்டுதான் இருக்கிறது, பின்விளக்கு போய்விட்டது. கம்ப்யூட்டரில் ஒரு குறையும் இல்லை. மானிட்டரை மட்டும் சர்வீஸுக்குக் கொடுங்கள். நீங்களே திறக்க வேண்டாம். உள்ளே இருக்கும் பவர் போர்டின் கெப்பாசிட்டரில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆபத்தான அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

4. இன்புட், கேபிள், போர்ட்

மானிட்டரின் மெனு பட்டனை அழுத்தி இன்புட்டை நீங்களே தேர்ந்தெடுங்கள். ‘ஆட்டோ’வை நம்ப வேண்டாம். கேபிள் எச்.டி.எம்.ஐ. 2-இல் இருக்க, மானிட்டர் எச்.டி.எம்.ஐ. 1-ஐயே பார்த்துக்கொண்டிருப்பது சர்வ சாதாரணம்.

அடுத்ததுதான் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம். கேபினெட்டின் பின்பக்கத்தில் எச்.டி.எம்.ஐ. ஓட்டை இரண்டு இடத்தில் இருக்கலாம். யு.எஸ்.பி., லேன், ஆடியோ போர்ட்டுகளோடு சேர்ந்து மேலே இருப்பது மதர்போர்டுடையது. அதற்குக் கீழே தனியாக, வழக்கமான கேபினெட்டில் கிடைமட்டமாக இருக்கும் பட்டையில் உள்ளது, படத்தை உருவாக்கும் தனிப் பலகையான கிராஃபிக்ஸ் கார்டுடையது. கார்டு இருந்தால் கேபிள் கார்டில்தான் போக வேண்டும். கார்டைக் கண்டதும் மதர்போர்டின் வீடியோவைத் தானாக நிறுத்திவிடும் போர்டுகள் ஏராளம்.

பிராசஸரின் பெயரையும் பாருங்கள். இன்டெல்லில் ஐ5-12400எஃப் போல முடிவில் எஃப் இருந்தால் அதற்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. ஏ.எம்.டி.யில் ரைசன் 5 5600எக்ஸ் அப்படித்தான், 5600ஜி-யில் உண்டு. கிராஃபிக்ஸ் இல்லாத பிராசஸர் என்றால் மதர்போர்டில் ஓட்டை இருந்தும் அதிலிருந்து எந்த நாளும் படம் வராது.

கேபிளின் இரண்டு முனையையும் கழற்றித் திரும்பச் செருகுங்கள். டிஸ்ப்ளே போர்ட் கேபிளில் பெரும்பாலும் மேலே ஒரு சின்னக் கொக்கி பட்டன் இருக்கும். அதை அழுத்தாமல் இழுத்தால் கார்டின் போர்ட்டே பெயர்ந்து வரும். செருகும்போது ‘டிக்’ என்று கொக்கி விழ வேண்டும். வி.ஜி.ஏ. கேபிள் என்றால் பின்களை டார்ச் அடித்துப் பாருங்கள். வளைந்த பின்னை மெல்லிய இடுக்கியால் நிமிர்த்தலாம். நடு வரிசையில் ஒரு பின் இல்லாமலே பல கேபிள்கள் வரும். அது 9-ஆவது பின், உடைந்ததல்ல.

நடுவில் கன்வெர்ட்டர் வைத்திருந்தால் அதன் திசையைக் கவனியுங்கள். டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்குப் போகும் சாதாரணக் கேபிளை, எச்.டி.எம்.ஐ. கம்ப்யூட்டரிலிருந்து டிஸ்ப்ளே போர்ட் மானிட்டருக்குத் திருப்பிப் போட்டால் வேலை செய்யாது. வடிவம் பொருந்துவதால் பலர் ஏமாறுகிறார்கள். எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.க்குப் போக, உள்ளே சிப் உள்ள கன்வெர்ட்டர் கட்டாயம் வேண்டும். ஒன்று டிஜிட்டல், இன்னொன்று அனலாக்.

பழைய எச்.டி.எம்.ஐ. கேபிள் 1080 தெளிவில் நன்றாக ஓடி, 4கே 60 ஹெர்ட்ஸில் கறுப்பாகிவிடலாம். அதற்கு நொடிக்கு 18 கிகாபிட் தாங்கும் கேபிள் தேவை. நீளம் கூடக் கூடத் தொல்லையும் கூடும்.

5. கம்ப்யூட்டருக்கு உயிர் இருக்கிறதா?

மின்விசிறி சுற்றுவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். 12 வோல்ட் கொடுத்தால் விசிறி சுற்றும். பிராசஸர் வேலை செய்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

கம்ப்யூட்டரைப் போட்டு இரண்டு நிமிடம் விட்டு, கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். அதன் விளக்கு ஒவ்வோர் அழுத்தலுக்கும் எரிந்து அணைந்தால் கம்ப்யூட்டர் விழித்திருக்கிறது. கோளாறு கேபிள், கார்டு அல்லது டிரைவரில் (கார்டை இயக்கும் மென்பொருளில்). விளக்கு அசையாவிட்டால், தொடக்கச் சோதனையையே அது தாண்டவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

பக்கக் கதவைத் திறந்தால் பல மதர்போர்டுகளின் ஓரத்தில் நான்கு சின்ன எல்.இ.டி. தெரியும்: சி.பி.யு. (பிராசஸர்), டிராம் (ரேம்), வி.ஜி.ஏ. (கிராஃபிக்ஸ்), பூட் (விண்டோஸைத் தொடங்கும் கட்டம்). எது அணையாமல் நிற்கிறதோ அங்கே சோதனை தடைபட்டிருக்கிறது. டிராம் நின்றால் 6-ஆம் பகுதி, வி.ஜி.ஏ. நின்றால் 7. எல்.இ.டி. இல்லாத போர்டில் நான்கு பின் கொண்ட சின்ன ஸ்பீக்கரை மாட்டினால் பீப் ஒலி வழி சொல்லும். பழைய அவார்ட் பயாஸில் ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குட்டை ஒலியும் வீடியோ கோளாறு. மற்ற பயாஸ்களில் அர்த்தம் வேறு, மேனுவலைப் பாருங்கள்.

டி.டி.ஆர்.5 ரேம் போட்ட புதிய கம்ப்யூட்டருக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை. முதல் முறை போடும்போது அது ரேமைப் பழக்கப்படுத்திக்கொள்ளச் சில நிமிடங்கள் கறுப்புத் திரையோடே இருக்கும். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 சாக்கெட் உள்ள போர்டுகளில் இது இன்னும் நீளலாம். 15 நிமிடம் தொடாமல் விடுங்கள். பயந்துபோய் ஒரு நிமிடத்தில் அணைத்துப் போட்டால் அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

கதவைத் திறந்தாகிவிட்டது என்று உடனே கை வைக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். போர்டில் தங்கிய மின்சாரம் வடிந்துவிடும். கரண்ட் போய் வந்த பிறகு டிஸ்ப்ளே வராமல் போன கம்ப்யூட்டர்களில் இது ஒன்றே சில சமயம் போதும்.

6. ரேம்

பிளக் வெளியே இருக்க வேண்டும். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். சின்னக் கவனக்குறைவில் சுவிட்ச் போடப்பட்டாலும் கம்ப்யூட்டர் ஓடாமலே போர்டில் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை இருக்கும். அந்த நிலையில் ரேமைப் பிடுங்கினால் ரேமோ போர்டோ போகலாம். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கழற்றும் முன் ஒரு போட்டோ எடுங்கள். ஸ்லாட்டின் முனையில் உள்ள கொக்கியை வெளிப்பக்கம் தள்ளினால் ரேம் மேலே எழும். விளிம்பைப் பிடித்து எடுங்கள். தங்க நிறப் பட்டைகளின் மேல் விரல் படக் கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும்.

அந்தப் பட்டைகளை வெள்ளை ரப்பரால் மேலிருந்து விளிம்பு நோக்கி ஒரே திசையில் மெதுவாகத் தேயுங்கள். முன்னும் பின்னும் அழுத்தித் தேய்த்தால் முலாம் கெடும். ரப்பர் துகளைப் பிரஷ்ஷால் முழுவதும் தட்டி எடுங்கள். துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் அதுவே அடுத்த கோளாறு. ஆல்கஹால் இருந்தால் துணியில் நனைத்து ஒரு முறை துடைத்து உலர விடுங்கள். ஸ்லாட்டை வாயால் ஊத வேண்டாம், எச்சில் ஈரம் போய்ப் படியும். பிரஷ் அல்லது புளோயர் போதும்.

இனி ஒரே ஒரு ரேமை மட்டும் போடுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட், அதாவது ஏ2. ரேமின் அடியில் உள்ள வெட்டு நடுவில் இருக்காது, சற்று ஒரு பக்கம் தள்ளி இருக்கும். ஸ்லாட்டின் மேட்டோடு அதைப் பொருத்திப் பார்த்துவிட்டு, இரண்டு கட்டை விரலால் இரண்டு முனையையும் அழுத்துங்கள். நீங்கள் நினைப்பதைவிடக் கூடுதல் அழுத்தம் வேண்டும், போர்டு இலேசாக வளைவதைப் பார்க்கலாம்.

ஒரு பக்கம் மட்டும் கொக்கி உள்ள ஸ்லாட்டில் தவறு நடப்பது கொக்கி இல்லாத முனையில். ‘டிக்’ கேட்டதும் கையை எடுத்துவிடுவார்கள், மறு முனை ஒரு மில்லிமீட்டர் எழும்பியே நிற்கும். கண்ணை ஸ்லாட் மட்டத்துக்குக் கொண்டுவந்து, வெளியே தெரியும் தங்கக் கோடு முழு நீளத்துக்கும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

டிஸ்ப்ளே வராவிட்டால் அதே ஸ்லாட்டில் அடுத்த ரேம். பிறகு அதே ரேமை அடுத்த ஸ்லாட்டில். இப்படிச் செய்தால்தான் ரேம் கெட்டதா, ஸ்லாட் கெட்டதா என்று பிரித்துச் சொல்ல முடியும். ஒவ்வொரு தடவையும் பிளக்கைப் பிடுங்கிய பிறகே.

7. கிராஃபிக்ஸ் கார்டு, பயாஸ் செல், எஸ்.எம்.பி.எஸ்.

பிராசஸருக்குள் கிராஃபிக்ஸ் இருந்தால் வேலை எளிது. கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டின் போர்ட்டில் மானிட்டரை மாட்டுங்கள். டிஸ்ப்ளே வந்தால் கார்டு, அதன் ஸ்லாட், அதன் பவர் மூன்றில் ஒன்று. கழற்றும்போது திருகுகளை எடுத்த பிறகு ஸ்லாட்டின் முனையில் உள்ள கொக்கியை அழுத்த மறக்காதீர்கள்.

கார்டுக்கு 6 அல்லது 8 பின் பவர் தேவைப்பட்டால் அது முழுவதும் உள்ளே போயிருக்க வேண்டும். பிராசஸருக்குப் போகும் 8 பின், நடுவில் 4+4 ஆகப் பிரியும். கார்டுக்குப் போவது 6+2. இரண்டும் பார்வைக்கு ஒன்று போலத் தெரியும், ஆனால் வயரிங் நேர் எதிர். பொருந்தவில்லை என்றால் அழுத்தி நுழைக்காதீர்கள். புதிதாகச் சேர்த்த கம்ப்யூட்டரில் போர்டின் மேல் மூலையில் உள்ள பிராசஸர் பவரையே மாட்டாமல் விட்டிருப்பதும் உண்டு. விசிறி சுற்றும், டிஸ்ப்ளே வராது.

மிகப் பழைய கார்டைப் புதிய போர்டில் போட்டிருந்தால் இன்னொரு காரணம் உண்டு. கார்டில் யு.இ.எஃப்.ஐ. (புதிய வகை பயாஸ்) ஆதரவு இல்லாமல், பயாஸில் சி.எஸ்.எம். (பழைய முறையையும் ஏற்கும் அமைப்பு) அணைந்திருந்தால் கார்டு நல்லதாக இருந்தும் திரை வராது.

அடுத்து பயாஸ் செல், அதாவது மதர்போர்டில் உள்ள பட்டன் செல். மல்டிமீட்டரில் 3 வோல்ட் சுற்றிக் காட்ட வேண்டும். 2.7-க்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடுங்கள். பயாஸ் அமைப்புகளை அழிக்க, பிளக்கைப் பிடுங்கி, செல்லை எடுத்து 5 நிமிடம் வையுங்கள். அல்லது மேனுவல் காட்டும் இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவரால் 10 நொடி தொடுங்கள். ரேமின் வேகத்தைக் கூட்டியது, வீடியோவை வேறு கார்டுக்கு மாற்றியது போன்ற தவறான அமைப்புகள் இதில் நீங்கும். தேதியும் பூட் முறையும் மாறிவிடும். விண்டோஸ் வராமல் நின்றால் முதலில் பூட் முறையைப் பாருங்கள்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் சோதிக்க நம்பகமான வழி, நல்லது என்று தெரிந்த இன்னொன்றை மாட்டிப் பார்ப்பதுதான். பச்சை வயரையும் கறுப்பு வயரையும் கம்பியால் இணைத்து விசிறி சுற்றுகிறதா என்று பார்ப்பது, அது தொடங்குகிறது என்பதை மட்டும் சொல்லும். லோடு ஏறும்போது தாங்குமா என்று சொல்லாது. கம்ப்யூட்டர் ஓடும்போது அளந்தால் 12 வோல்ட் வரி 11.4-க்கும் 12.6-க்கும் நடுவிலும், 5 வோல்ட் வரி 4.75-க்கும் 5.25-க்கும் நடுவிலும் நிற்க வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

8. லோகோ வந்து, பிறகு இருட்டு

இங்கே சந்தேகம் விண்டோஸ் மேலும் டிரைவர் மேலும். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு, கீழ் வரிசையில் வி-க்கும் என்-னுக்கும் நடுவே உள்ள பி-யைத் தட்டுங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். ஒரு பீப் கேட்டு, திரை ஒரு முறை மினுங்கலாம்.

படம் வேறொரு மானிட்டருக்கோ கழற்றிவிட்ட டி.வி.க்கோ போய்க்கொண்டிருக்கலாம். விண்டோஸ் விசையோடு, மேல் வரிசையில் ஓ-வை அடுத்துள்ள பி-யைத் தட்டி, ஒரு கீழ் அம்புக்குறி, பிறகு என்டர். ஐந்து நொடி பொறுங்கள். வராவிட்டால் மறுபடி. தேர்வுகள் மொத்தம் நான்குதான்.

கறுப்புத் திரையில் மவுஸ் அம்பு மட்டும் தெரிந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். புதிய டாஸ்க்கை ஓட்டும் பகுதியில் எக்ஸ்புளோரர் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

இவை உதவாவிட்டால் சேஃப் மோடு, அதாவது அடிப்படை டிரைவர்களோடு மட்டும் விண்டோஸைத் திறக்கும் முறை. விண்டோஸ் 10, 11-இல் பழைய எஃப்8 வழி இயல்பாக இயங்காது. லோகோ வந்து புள்ளிகள் சுற்றத் தொடங்கியதும் பவர் பட்டனை 10 நொடி பிடித்து அணையுங்கள். இதை மூன்று முறை செய்தால் அடுத்த முறை ரிப்பேர் திரை வரும். அங்கே டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், பிறகு 4-ஐ அழுத்துங்கள். மானிட்டர் தாங்காத தெளிவையோ ஹெர்ட்ஸையோ வைத்துவிட்டதால் ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ வந்திருந்தால் 4-க்குப் பதில் 3. அது குறைந்த தெளிவில் திறக்கும்.

அணைக்கும் முன் கேபினெட்டின் டிஸ்க் விளக்கைப் பாருங்கள். விடாமல் மினுக்கிக்கொண்டிருந்தால் அப்டேட் நடந்துகொண்டிருக்கலாம், அரை மணி நேரம் விடுங்கள். பாதியில் வெட்டினால் விண்டோஸே கெடும்.

சேஃப் மோடில் படம் வந்தால் வன்பொருள் பெரும்பாலும் தப்பித்தது. டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரை அன்இன்ஸ்டால் செய்யும்போது டிரைவரையும் நீக்கும் கட்டத்தை டிக் செய்யுங்கள். ரீஸ்டார்ட் செய்து, கார்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து டிரைவரைப் போடுங்கள்.

9. எதிலும் வரவில்லை என்றால்

மதர்போர்டை வெளியே எடுத்து அட்டைப்பெட்டியின் மேல் வையுங்கள். அது வந்த பளபளப்புப் பையின் மேல் வேண்டாம், அந்தப் பையின் வெளிப்புறம் மின்சாரம் கடத்தக்கூடியது. பிராசஸர், அதன் கூலர், ஒரு ரேம், எஸ்.எம்.பி.எஸ். மட்டும். பிராசஸரில் கிராஃபிக்ஸ் இல்லாவிட்டால் கார்டு. பவர் பட்டனுக்கான இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவரால் ஒரு நொடி தொட்டால் ஓடும்.

வெளியே டிஸ்ப்ளே வந்து, கேபினெட்டுக்குள் வராவிட்டால் போர்டுக்கு அடியில் உள்ள பித்தளைத் தாங்கி ஒன்று தவறான இடத்தில் இருந்து ஷார்ட் ஆகிறது. அல்லது முன்பக்க சுவிட்ச் வயரில் குறை. வெளியேயும் வராவிட்டால் உப்பிய கெப்பாசிட்டர், கருகிய இடம் தெரிகிறதா என்று பாருங்கள். இன்டெல் சாக்கெட்டில் பின் வளைந்திருக்கிறதா என்று டார்ச்சைச் சாய்த்துப் பாருங்கள், தொடாதீர்கள். பிராசஸர் புதிது, போர்டு பழைய ஸ்டாக் என்றால் பயாஸ் பதிப்பு அந்தப் பிராசஸரை அறியாமல் இருக்கலாம்.

எதையும் வாங்கும் முன் இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். முதலில் எஸ்.எம்.பி.எஸ்., அடுத்து ரேம், அதன் பிறகு போர்டு. பிராசஸர் கெடுவது அரிது, அதைக் கடைசியில் வையுங்கள்.

கடைக்குக் கொடுப்பதானால், எழுதி வைத்த தாளையும் கொடுங்கள். எந்த எல்.இ.டி. நின்றது, எந்த ரேம் எந்த ஸ்லாட்டில் சோதித்தது என்று பார்த்தால் அவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம். ஹார்ட் டிஸ்க்கையும் எஸ்.எஸ்.டி.யையும் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பயாஸ் திரை வருகிறதா என்று பார்க்க அவை தேவையில்லை.